உணர்ச்சி குறையலாம்

புரிமானிக்கு ஒரு குணம் உண்டு. எதிரே இருப்பவருக்குப் புரிந்ததா இல்லையா என்று மட்டும்தான் அது பார்க்கும். என்ன புரிந்தது என்று பார்க்காது. அதைக் கண்டுபிடித்தவர்களுக்கே இது தோன்றவில்லை என்றால், சட்டம் போட்டவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

நெற்றிக்கு ஒரு பட்டை, விரலுக்கு ஒரு மோதிரம், மேசைமேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை. அவ்வளவுதான் கருவி. அறுவைச் சிகிச்சைக்கு வந்தவருக்கு ஒரு வாக்கியத்தைப் படித்துக் காட்டினால், அவருடைய நாடியையும் கண்பாவையையும் மூளையின் மின்னலைகளையும் கூட்டிக் கழித்து நூற்றுக்கு இத்தனை என்று திரையில் காட்டும். தொண்ணூறு தாண்டினால் பச்சை. தாண்டாவிட்டால் எப்பேர்ப்பட்ட டாக்டரும் கத்தியைத் தொடக் கூடாது.

நல்ல சட்டம்தான். அதற்கு முன்னால் நடந்த கூத்து எல்லோருக்கும் தெரியும். மயக்க ஊசி போடப் போகிற நேரத்தில் பதினெட்டுப் பக்கத்தை நீட்டி, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கடைசிப் பக்கத்துல ஒண்ணு" என்று கையெழுத்து வாங்குவார்கள். படித்தவரும் படிக்க மாட்டார், படிக்காதவரும் கேட்க மாட்டார். புரிதல் சட்டம் வந்த பிறகு அந்தக் கதை முடிந்தது. கூடவே விளக்குநர் என்று ஒரு புது உத்தியோகமும் வந்தது.

கோயம்புத்தூரில் ஓர் அழகுச் சிகிச்சை மருத்துவமனையில் அமிர்தவல்லி விளக்குநராகச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. தமிழ் எம்.ஏ. அதற்கு முன்னால் பள்ளிப் பாடப்புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்கு 'விளக்குநர்' வாயில் நுழையாது. "விளக்கக்காரம்மா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

மார்பில் இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ள வருகிற பெண்களுக்குப் படித்துக் காட்ட அவள் எழுதியவை மொத்தம் பன்னிரண்டு வாக்கியங்கள். உள்ளே வைப்பது ஆயுசுக்கும் வராது, பத்துப் பதினைந்து வருஷத்தில் மாற்ற வேண்டிவரலாம். உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாமலே இருக்கலாம், ஆகையால் ஸ்கேனைத் தவறவிடக் கூடாது. சுற்றிலும் தழும்பு இறுகி மார்பு கெட்டிப்படலாம். பின்னாளில் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் போனால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்று எடுத்துவிட்டாலும் பழைய உருவம் அப்படியே திரும்பாது. இப்படிப் போகும். நல்ல, தெளிவான தமிழ். மற்ற ஊர் மருத்துவமனைகள்கூட முப்பதுக்கு மேல் அதையே வாங்கி வைத்துக்கொண்டன. ஏழாவது வாக்கியம் இது: "சிகிச்சைக்குப் பின் உணர்ச்சி குறையலாம்; சிலருக்கு அது திரும்பாமலும் போகலாம்."

ஆடி மாசம். நல்ல காரியம் எதையும் யாரும் தொடங்காத மாசம் என்பதால் அழகுச் சிகிச்சைக்கும் ஆள் வரவில்லை. அமிர்தவல்லி மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப்போன நேரத்தில், முப்பது வயதுப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு உள்ளே வந்தாள்.

"என்னைய ஞாபகம் இருக்குதுங்களா மேடம்? கவின்மதி. திருப்பூருங்க. பனியன் கம்பெனியில டிசைன் போடறேன். ரெண்டரை வருசத்துக்கு முன்னால நீங்கதான் எனக்குப் படிச்சுக் காட்டுனீங்க."

"இருக்கும்மா, உட்காருங்க." சுத்தப் பொய். மாதத்துக்கு நூறு முகம் பார்க்கிறவளுக்கு எந்த முகம் நினைவிருக்கும்?

"ஏழாவது வரி படிச்சப்ப நான் சிரிச்சேனுங்க. உணர்ச்சி குறையலாம்னு சொன்னீங்க. 'குறைஞ்சா நல்லதுதானுங்க, நான் சீரியல் பாத்தே அழுகறவ'ன்னு சொன்னேன். நீங்களும் சிரிச்சீங்க."

இப்போது நினைவு வந்தது. வந்த வேகத்தில் அமிர்தவல்லி சாப்பாட்டு டப்பாவை மூடி ஓரமாக வைத்தாள்.

"மயக்க மருந்து குடுக்கறாங்கள்ல, அதுல மனசு கொஞ்சம் மந்தமாயிருமாட்ட இருக்குதுன்னு நினைச்சேனுங்க. கோவம், அழுகை, ஆசை எல்லாம் கொஞ்சம் மட்டுப்படும்னு. அது எனக்குப் பரவால்லைன்னு தோணுச்சு."

"இப்ப எப்படி இருக்கு?"

"மனசுக்கு ஒண்ணும் ஆவலைங்க. முந்தியை விட இப்பத்தான் ஜாஸ்தி அழுகறேன்." கவின்மதி நெஞ்சில் கையை வைத்துக்காட்டினாள். "இங்கதானுங்க ஒண்ணுமே தெரியலை. ரெண்டு பக்கமும். இவ பால் குடிக்கறாளா, குடிச்சுட்டே தூங்கிட்டாளான்னு குனிஞ்சு பாத்தாத்தான் தெரியுது. சுடுதண்ணி ஊத்துனாலும் தெரியறதில்லை. பால் வருது, ஆனா கம்மியா. வூட்டுக்காரர்கிட்ட என்னன்னு சொல்றது? அவரு பாவம், இவளுக்கு நம்மளப் புடிக்கலையோன்னு நினைச்சுக்கிட்டாரு."

குழந்தைக்கு ஏழு மாசம் இருக்கும். மேசைமேல் இருந்த புரிமானியின் மோதிரத்தைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தது.

"அழகா இல்லைன்னு சொல்ல வரலைங்க மேடம். அழகாத்தான் இருக்குது. அதுல டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். இப்படி ஆவும்னு எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

அவள் வந்த காரியம் வேறு. நரம்பு ஒட்டு என்று ஒரு சிகிச்சை இருந்தது. அறுபட்ட நரம்பின் நுனிகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்து வளர வைப்பது. மாநிலத்திலேயே ஓர் இடத்தில்தான் செய்கிறார்கள், ஆறு வருஷத்துக்கு வரிசை நிற்கிறது. முதல் அறுவை நடந்து ஆயிரம் நாளுக்குள் செய்தால்தான் பலிக்கும், அப்புறம் நரம்பு நுனி செத்துவிடும். வரிசையைத் தாண்டி முன்னால் போக ஒரே வழி உண்டு. 'இந்தப் பெண் கொடுத்த ஒப்புதல் செல்லாது' என்று புரிதல் ஆணையம் சொல்ல வேண்டும்.

"இன்னைக்குத் தொள்ளாயிரத்து இருவத்தொண்ணாவது நாளுங்க. ஆணையத்துல மனு குடுத்துட்டேன். அவங்க என்னோட பதிவை எடுத்துப் பாத்துட்டு, 'உங்களுக்கு நல்லாப் புரிஞ்சுதானேம்மா இருக்குது'ன்னு சொல்றாங்க. ஏழாவது வரிக்கு எத்தனை மார்க் தெரியுங்களா? தொண்ணூத்தேழு. பள்ளிக்கூடத்துல கூட நான் அவ்வளவு வாங்குனதில்லைங்க."

அமிர்தவல்லி புரிமானியைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தாள்.

"நீங்க வந்து அந்த வார்த்தை தப்புன்னு சொன்னாப் போதுமுங்க."

"சொல்றேன்" என்றாள் அமிர்தவல்லி. அந்த நிமிஷத்தில் சொல்லத்தான் நினைத்தாள். மனுஷனுக்கு நல்ல எண்ணம் வருவதில் என்றைக்கும் குறைச்சலே இல்லை, அது சாயங்காலம் வரைக்கும் தாங்குகிறதா என்பதுதான் கேள்வி.

சாயங்காலம் டாக்டர் ரகோத்தமனின் அறைக்குப் போனாள். மருத்துவமனையே அவருடையது. கையில் கத்தி எடுத்தால் நுணுக்கமான மனிதர், பேச்சிலும் அப்படித்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தாராளமாப் போய்ச் சொல்லுங்க மேடம். சொற்பிழைன்னு சொல்லுங்க" என்றார்.

"அப்படிச் சொன்னா அந்தப் பொண்ணுக்குக் கிடைச்சிடுமா சார்?"

"அது கஷ்டம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சட்டத்துல நல்லெண்ணப் பிழைன்னு ஒரு பிரிவு இருக்கு. விளக்குநர் தெரியாம ஒரு வார்த்தையை மாத்திப் போட்டுட்டா, ஒப்புதல் செல்லும். இல்லேன்னா ஒவ்வொரு எழுத்துப் பிழைக்கும் ஒவ்வொருத்தர் வந்து நிப்பாங்கள்ல? தெரிஞ்சே போட்டிருந்தாத்தான் செல்லாது."

"தெரிஞ்சே போட்டிருந்தா?"

"உங்க உரிமம் போயிடும். அதே வாக்கியத்தைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டவங்க பதினாலாயிரம் பேர் இருப்பாங்க, அத்தனை பேருக்கும் கடிதம் போகும். நான் இந்த இடத்தை மூடிட்டுப் போக வேண்டியதுதான். ஆனா நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க? இல்லையே."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். இருவருக்கும் தெரியும். இருவருக்கும் தெரியும் என்பதும் இருவருக்கும் தெரியும்.

ஏழாவது வாக்கியம் முதலில் அப்படி இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அமிர்தவல்லி எழுதியது வேறு. "மார்பின் தோலும் காம்பும் மரத்துப் போகலாம். தொட்டால் தெரியாது. சிலருக்கு ஆயுசுக்கும் அப்படியே இருந்துவிடும்." படித்துக் காட்டினால் புரிமானி தொண்ணூற்றொன்பது காட்டும். ஒரு சிக்கல்தான். முதல் முப்பது பேரில் பதினோரு பேர் அந்த வரியைக் கேட்டதும் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

டாக்டர் கோபப்படவில்லை. "நீங்க எழுதினது தப்புன்னு சொல்லலை மேடம். கொஞ்சம் நாகரிகமா எழுதலாமே. காம்பு கீம்புன்னு படிச்சா கேக்குறவங்களுக்கே கூச்சமா இருக்கும்ல?" என்றார்.

கூச்சம் அமிர்தவல்லிக்கும் இருந்தது. அதை மறைப்பானேன்? நம்மில் எத்தனை பேர் அந்த இடத்துக்கு உண்டான பெயரை நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறோம்? டாக்டரிடம் போனால்கூட "இங்க வலிக்குது" என்று கையைக் காட்டுவதோடு சரி. பாடப்புத்தகம் எழுதிய காலத்திலும் உடல் பற்றிய பாடம் என்றால் இதயம், நுரையீரல், கல்லீரல் என்று போய், நெஞ்சுக்கு வெளியே எதுவுமே இல்லாத மாதிரி முடித்துவிடுவாள். அகராதியில் 'உணர்ச்சி'க்குத் தொடுவதை அறிவது என்றும் ஒரு பொருள் இருக்கிறது. கௌரவமான சொல். மார்பும் வேண்டாம், காம்பும் வேண்டாம். எழுதிப் படித்துக்காட்டினாள். யாரும் எழுந்து போகவில்லை.

இது வரைக்கும் நல்லெண்ணப் பிழை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதே வாரத்தில் தாராபுரத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தாள். ஏழாவது வரியைக் கேட்டதும், "கோவதாபமெல்லாம் குறையுங்களா மேடம்? அப்படின்னா என் வீட்டுக்காரருக்கும் சேத்துப் பண்ணிவிடுங்க" என்றாள். திரையில் தொண்ணூற்றைந்து, பச்சை. அந்த டீச்சருக்கு எது புரிந்தது என்று அமிர்தவல்லிக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. 'அது இல்லைம்மா' என்று சொல்ல வாயைத் திறந்தாள். திரை பச்சையாக இருந்தது. சிரித்துவிட்டு எட்டாவது வரிக்குப் போனாள்.

அதற்கப்புறம் எத்தனையோ பேர் அந்த இடத்தில் சிரித்திருக்கிறார்கள். அவளும் கூடச் சிரித்திருக்கிறாள். கருவியே புரிந்தது என்று சொல்லும்போது நாம் யார் அதற்குமேல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

ஆணையத்துக்கு எழுத்தில் விளக்கம் கொடுக்க அவளுக்குப் பத்து நாள் தவணை கிடைத்தது. உண்மையை எழுதியிருந்தால் ஆடி முடிவதற்குள்ளேயே தீர்ப்பு வந்திருக்கும். ஒன்பதாவது நாள், "சொற்பிழை நேர்ந்திருக்கக்கூடும் எனக் கருதுகிறேன்" என்று ஒரே வரி எழுதி அனுப்பினாள். நேர்ந்திருக்கக்கூடுமாம், கருதுகிறாளாம். தமிழ் எம்.ஏ. எதற்குப் பயன்பட்டது பாருங்கள். அந்த ஒரு வரியால் நேரடி விசாரணை என்று ஆகி, தேதி தள்ளிப்போய், கடைசியில் தொள்ளாயிரத்து எண்பத்தாறாவது நாளில் வந்து நின்றது.

அன்று காலை பத்து மணிக்கு ஆணையத்தின் காத்திருப்பு அறையில் கவின்மதி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தாள். அமிர்தவல்லியைக் கண்டதும் முகம் மலர்ந்து பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். அமிர்தவல்லி ஆணையத்துக்கு எழுதிய அந்த ஒரு வரியைக் கவின்மதிக்கு யாரும் காட்டியிருக்கவில்லை.

"வந்துட்டீங்களா. வராமப் போயிருவீங்களோன்னு வூட்டுக்காரரு சொல்லிட்டே இருந்தாருங்க. நான்தான் சொன்னேன், அந்த மேடம் அப்படிப்பட்டவங்க இல்லைன்னு." அப்புறம் பஸ்ஸில் கூட்டம் என்றாள், குழந்தைக்கு ரெண்டு பல் முளைத்துவிட்டது என்றாள், கம்பெனியில் ரெண்டு நாள் லீவு கேட்டதற்கு மேனேஜர் என்ன சொன்னார் என்றாள்.

துண்டின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. அமிர்தவல்லி முதலில் அதைப் பூப்போட்ட துண்டு என்று நினைத்தாள். பொட்டு பெரிதாகிக்கொண்டே வந்தது.

"கவின்மதி, துண்டைப் பாருங்க."

கவின்மதி துண்டை விலக்கிப் பார்த்தாள். குழந்தை கடித்திருந்தது. அதன் வாயோரத்திலும் ரத்தம். "அட, மறுபடியும் கடிச்சுட்டாளுங்க" என்றாள், புடவையில் சேறு பட்டுவிட்டது என்பது போலச் சாதாரணமாக. கைப்பையில் பஞ்சும் மருந்தும் தயாராக இருந்தன. துடைத்துக்கொண்டே மேனேஜர் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

அமிர்தவல்லி எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். அழக்கூட வெட்கமாக இருந்தது.

விசாரணை நடத்தியவர் ஓய்வுபெற்ற நீதிபதி ஹசீனா பானு. சாட்சி சொல்ல வருகிறவர்களும் பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. தாங்கள் சொல்வதன் விளைவு அவர்களுக்குப் புரிகிறதா என்று பார்க்கவாம். ஒன்பது வருஷமாக அடுத்தவர் நெற்றியில் கட்டிவிட்டவள் அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தன் நெற்றியில் கட்டிக்கொண்டாள். பொட்டுக்கு நேராக இறுக்கியது.

"ஏழாவது வாக்கியத்தில் சொற்பிழை நேர்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியாமல் நடந்ததுதானே?" என்று கேட்டார் நீதிபதி.

"இல்லீங்கம்மா."

மருத்துவமனை சார்பில் வந்திருந்த டாக்டர் ரகோத்தமன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முதல்ல மரத்துப் போகும்னுதான் எழுதியிருந்தேன். அதைக் கேட்டவங்க எழுந்து போனாங்க. அதனால மாத்தினேன். மாத்தின வாரமே ஒருத்தங்க அதை மனசுன்னு எடுத்துக்கிட்டாங்க. எனக்குத் தெரிஞ்சுது. திருத்தலை. அப்புறம் ஒன்பது வருஷம் திருத்தலை. இவங்க சிரிச்சப்பவும் எனக்குத் தெரியும். கூடச் சேர்ந்து சிரிச்சேன்."

நீதிபதி திரையைப் பார்த்தார். அது அவர் பக்கம் திரும்பியிருந்ததால் எண் என்னவென்று அமிர்தவல்லிக்குத் தெரியவில்லை.

"நீங்கள் சொல்வதன் விளைவு உங்களுக்குப் புரிகிறதா அம்மா?"

"புரியுதுங்க."

"பழைய வாக்கியம் உங்களிடம் இருக்கிறதா?"

இருந்தது. கொண்டு வந்திருந்தாள். நீதிபதி அதை வாங்கி, அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தார். மார்பு, காம்பு, தொட்டால் தெரியாது. யாரும் கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை. கவின்மதி மட்டும் அமிர்தவல்லியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் மலர்ந்த அந்த முகம் மெல்ல மெல்ல மாறிப்போனதை அமிர்தவல்லியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. விசாரணை முடிந்து கவின்மதி ஒரு வார்த்தை பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாவது நாள் கவின்மதிக்கு நரம்பு ஒட்டு நடந்தது. அமிர்தவல்லியின் உரிமம் ரத்தானது. பதினாலாயிரம் கடிதங்கள் போயின. அதில் ஆயிரம் நாளைத் தாண்டுவதற்குள் நரம்பு ஒட்டு கிடைத்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான் என்று பிற்பாடு கேள்விப்பட்டாள். மற்றவர்கள் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என்ன செய்திருப்பார்கள் என்று நினைக்காத நாள் இல்லை.

மாசி மாசத்தில் ஒரு சனிக்கிழமை காலை கவின்மதி அமிர்தவல்லியின் வீட்டுக்கு வந்தாள். குழந்தை இப்போது நடந்தது. நடந்தது என்ன, ஓடியது.

"உங்கமேல கோவமாத்தானுங்க இருந்தேன். இப்பவும் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். இடது பக்கம் வந்துருச்சுங்க. வலது பக்கம் வராதாம். ரெண்டு மாசம் முன்னாலயே பண்ணியிருந்தா அதுவும் வந்திருக்கும்னு சொன்னாங்க."

அந்த ரெண்டு மாசம் எங்கே போனது என்று அமிர்தவல்லிக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டாள்.

"முதல்ல என்ன தெரிஞ்சுதுன்னு சொல்லுங்க பாக்கலாம். தாலிங்க. குனிஞ்சு கோலம் போடறப்ப இடது பக்கமா வந்து உரசுச்சு. ரெண்டே முக்கா வருசமாக் கழுத்துல கெடக்குது, அன்னைக்குத்தான் அது அங்க படறதே தெரிஞ்சுது. வாசல்லயே உக்காந்து அழுதுட்டேன்."

"குழந்தை?"

"ஆப்பரேசனுக்கு அப்புறம் ரெண்டு மாசம் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. தெரிய ஆரம்பிச்சப்புறம் ஒரு நாள் குடுத்துப் பாத்தேனுங்க. ஒரே ஒரு வாட்டி, எப்படி இருக்குதுன்னு தெரிஞ்சுக்கலாம்னு. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. டம்ளர்ல குடிச்சுப் பழகிட்டாளுங்க."

மாசக்கணக்காக மனசுக்குள் வைத்திருந்ததை அமிர்தவல்லி கேட்டேவிட்டாள்.

"அன்னைக்கு நான் உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தா நீ இதைப் பண்ணியிருக்கவே மாட்டே. இல்லையாம்மா?"

கவின்மதி யோசித்தாள். சும்மா ஒப்புக்கு யோசிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தாள்.

"பண்ணியிருப்பேனுங்க."

"என்னம்மா சொல்றே?"

"பதினாறு வயசுலருந்து எனக்கு வேணும்னு இருந்துச்சுங்க. யாருக்காகவும் இல்லை, எனக்கே. மரத்துப் போகும்னு தெரிஞ்சிருந்தாலும் பண்ணியிருப்பேன். என்ன, கல்யாணம் ஆகி, இவ பொறந்து, இவளுக்குப் பால் மறக்கடிச்சப்புறம் வந்திருப்பேன். மூணு வருசம் தள்ளிப் போட்டிருப்பேன். அவ்வளவுதானுங்க மேடம்."

குழந்தை அமிர்தவல்லியின் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பசியாக இருக்கும் என்று எழுந்து போய், ஒரு டம்ளரில் பால் கொண்டு வந்தாள்.